மருந்து அலமாரியில் ஒரு புட்டி

என் மகளுக்கு முதன்முதலாகப் பிராந்தி ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். ஒரு மூடி. வெந்நீரில், ஒரு கரண்டி தேனோடு.

அப்போது அவள் பிளஸ் டூ. மறுநாள் வேதியியல் தேர்வு. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. படுப்பாள், எழுந்து உட்கார்ந்து சமன்பாடுகளைச் சொல்லிப் பார்ப்பாள், மறுபடி படுப்பாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. கண்ணை மூடினால் கேள்வித்தாள் வருகிறது என்றாள். தூக்கத்துக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. அதை அவளுக்கும் காட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அரைமணி நேரத்தில் தூங்கிப்போனாள். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டே, நல்ல தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்தேன். அந்தப் பெருமிதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைக்கும்போதுதான் உடம்பு கூசுகிறது.

என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் குடிப்பதற்காக வருடக்கணக்கில் என்னோடு சண்டை போட்டவள். ஆனால் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அது மருந்துப் புட்டி.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது சீர் சாமான்களோடு கோன்யாக் என்னும் பிரெஞ்சுப் பிராந்திப் புட்டி ஒன்றையும் துணியில் சுற்றி அனுப்பினார். வீட்டில் மருந்துக்கு இருக்கட்டும் என்றார். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் அது அதிசயம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கரண்டி. சளி பிடித்த குழந்தைக்கு நெஞ்சில் தடவ. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்க. கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைப்பதும் அதில்தான். தீர்ந்துவிட்டால் கடையில் சாதாரணப் பிராந்தி வாங்கி அதே புட்டியில் ஊற்றி வைப்போம். பிரெஞ்சு லேபிள் மங்கி, ஓரம் கிழிந்து, தைலத்துக்கும் ஓம வாட்டருக்கும் நடுவில் அந்தப் புட்டி முப்பது வருடம் நின்றது. நான் குடித்த புட்டிகள் வேறு. அவை கட்டிலுக்கு அடியிலும் ஸ்கூட்டர் பெட்டியிலும் இருந்தன. மருந்துப் புட்டியை நான் ஒருநாளும் குடிப்பதற்கு என்று தொட்டதில்லை. அதில் எனக்கு ஒரு கௌரவம்கூட இருந்தது.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, மேல்நிலை எழுத்தராக இருக்கிறேன். குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை. ஒருநாளும் அலுவலகத்துக்கு லேட்டாகப் போனதில்லை. வேலை முடிந்து வருவேன், குளிப்பேன், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு ரவுண்டு. பிறகு அது மூன்றானது, நான்கானது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அடுத்த நிமிடம் தூக்கம். இருபத்திரண்டு வருடம் இப்படி.

எங்கள் ஊர் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, சரக்கு மலிவு. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் பக்கம் இருக்கும் பூவத்துக்கு வந்து குடித்துவிட்டுச் சாலையோரத்தில் கிடப்பார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது, அந்த வழியாக ஸ்கூட்டரில் போகையில், அவர்களைக் காட்டி, இவர்கள்தான் குடிகாரர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பாள். அப்படியென்றால் நீங்கள் யார் என்று அவள் கேட்டதில்லை.

படித்து முடித்து அவள் சென்னைக்கு வேலைக்குப் போனாள். வெளிநாட்டு வங்கி ஒன்றுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. அங்கே பகலாக இருக்கும்போது இங்கே இரவு. ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்ததும் பேசுவாள். போன வருடம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, விடியும்வரை விழித்திருந்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எப்படித் தூக்கம் வருகிறது என்று சும்மா கேட்டேன்.

"நீங்க குடுத்த மருந்துதாம்பா," என்றாள். "என்ன, இப்பல்லாம் ஒரு மூடி பத்தமாட்டேங்குது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பேசி முடித்து போனை வைத்த பிறகு சட்டையைக் கழற்றப் போனேன், பொத்தான் கைக்கு அகப்படவில்லை.

நாலு நாள் மனைவியிடம் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அலுவலகத்திலிருந்தே மகளைக் கூப்பிட்டு, எவ்வளவு என்று கேட்டேன். ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கு மேலும் என்றாள். விட்டுவிடச் சொன்னேன். கோபம் இல்லாத குரலில், "நீங்க விட்டுட்டீங்களா?" என்றாள்.

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்குக் குடிக்கணும்னு ஆசையில்லப்பா. தூக்கம் வராதுன்னுதான் பயம். நீங்க அது இல்லாம தூங்கிக் காட்டுங்க. தூக்கம் தானா வரும்னு தெரிஞ்சா நானும் விட்டுடறேன்."

அன்று மாலையே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து புட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். வாசல் சாக்கடையில் இருவருமாகக் கொட்டினோம். தெருவெல்லாம் வாடை. எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னண்ணே, நம்ம தெருக் கொசுவெல்லாம் இன்னிக்கு நேரா பறக்காது போலிருக்கே," என்றார். மனைவிகூடச் சிரித்துவிட்டாள். வீட்டில் ஒரு சொட்டு இல்லை என்று உள்ளே வந்தோம். மருந்து அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மறந்துபோனது என்று சொல்ல முடியாது. எங்கள் கணக்கில் அது குடி இல்லை.

மறுநாள் மருத்துவரைப் பார்க்கப் போனோம். மனைவிதான் வற்புறுத்திக் கூட்டிப்போனாள். மருத்துவருக்கு என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும், இளம் பெண். நல்லவேளை வந்தீர்கள், இத்தனை வருடம் குடித்தவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, வலிப்புகூட வரலாம் என்றார். சில நாட்களுக்கு மாத்திரை எழுதினார், அதை எப்படிக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று தாளில் குறித்துக் கொடுத்தார். தூக்கம் எப்போது வரும் என்று கேட்டேன். வாரக்கணக்கில் ஆகும், முழுசாகச் சரியாக மாதக்கணக்கிலும் ஆகலாம் என்றார். இத்தனை நாள் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேனே என்றேன்.

"நீங்க தூங்கலை சார். மயங்கிக் கிடந்தீங்க. தினமும் ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு வருமே, வந்துச்சா இல்லையா?"

வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுப்பேன். வயது ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், எழுந்ததும் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், தூக்கம் வராமல் படுக்கையில் புரளக் கூடாது, மதியத்துக்கு மேல் காபி கூடாது, பகலில் தூங்கக் கூடாது. இதுதான் அவர் சொன்னது. எல்லாவற்றிலும் கடைசிதான் என்னைக் கொன்றது. எங்கள் ஊரில் மதியம் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதிலேயே உருப்படியானது அதுதான் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் மேசையில் தலை சாய்க்காத ஆள் அங்கே கிடையாது. எல்லாரும் சாய்ந்ததும் நான் எழுந்து வெளியே போய், பூட்டிய கடைகளின் முன்னால் வெயிலில் நடப்பேன். ஒருநாள் காவலாளி நிழலில் இருந்தபடியே, "ஏன் சார், எதுவும் தொலைச்சுட்டீங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பம் இல்லை. உடம்பில் எறும்பு ஊர்வது போல இருக்கும். தலையணை வியர்வையில் நனையும். கண் அயர்ந்தால் கனவில் குடித்துக்கொண்டிருப்பேன், பதறி எழுந்து வாயை முகர்ந்து பார்ப்பேன். பள்ளிவாசலில் பாங்கு கேட்டால், இன்னும் கொஞ்ச நேரம்தான், அடுத்து மாதா கோயில் மணி அடிக்கும், எழுந்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

எல்லாவற்றையும் கொட்டியதை மகளிடம் சொல்லியிருந்தேன், அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவாள். அவள் வேலை முடிந்து அறைக்கு வரும் நேரம் அது. ஒரே ஒரு கேள்விதான்.

"தூங்குனீங்களாப்பா?"

"இல்லம்மா."

"சரிப்பா," என்று வைத்துவிடுவாள். நான் இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு இன்னும் ஒருநாள் குடிக்க அனுமதி கொடுக்கிறேன் என்றே எனக்குத் தோன்றும். பத்தொன்பது நாள் அப்படிச் சொன்னேன். பத்தொன்பது நாளும் உண்மை.

இருபதாம் நாள் இரவு என்னால் முடியவில்லை. கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அழுதிருக்கிறேன், எனக்கே தெரியாமல். மனைவி வந்து பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அலமாரிக் கதவின் கீல் சத்தம் கேட்டது. டம்ளரோடு வந்தாள்.

"வெந்நியில ஒரு கரண்டிதாங்க. மருந்துக்குத்தானே."

அவள் மேல் பழி போட எனக்கு வாயில்லை. இருபத்திரண்டு வருடம் என் குடியை வெறுத்தவள், என் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அதைக் கொண்டுவந்தாள். எனக்கு வாசனை தெரிந்தது. மருத்துவர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. வாங்கிக் குடித்தேன். அவள் உள்ளே போன பிறகு எழுந்து போய், நானாக இன்னும் மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

தூங்கினேன். கோயில் மணி அடித்த பிறகுதான் விழித்தேன்.

ஏழு மணிக்கு போன் வந்தது. தூங்குனீங்களாப்பா என்றாள். அந்த ஒரு நொடியை எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்துவிட்டேன். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது நாளில் முதல்முறையாக அவளுக்கு நல்ல பதில் சொல்ல ஒரு வாய்ப்பு. தூங்கினேன் என்பதில் பொய்யும் இல்லையே என்று உள்ளே ஒரு குரல்.

"தூங்கினேன் கண்ணு. நல்லாத் தூங்கினேன்."

"மாத்திரை போட்டா?"

"ஒண்ணும் இல்ல. தானா வந்துச்சு."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப வரும்ங்குறீங்க," என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கே அவள் நிறுத்தியிருக்கிறாள். மருத்துவரைப் பார்க்கவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. தூங்கிவிட்டு, நல்ல சேதியாகச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். அடுத்த இரண்டு நாள் அவள் என்னைக் கூப்பிடவில்லை. வேலை அதிகம் போல என்று விட்டுவிட்டேன். என் பொய்யை இன்னொரு தரம் சொல்ல வேண்டாம் என்பதில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நிறுத்த வேண்டுமானால் மருத்துவர் சொல்படிதான் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அதைக் கேட்டு வந்தவன். அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நான் நோயாளி ஆகிவிடுவேன். அப்பாவாக இருக்க விரும்பினேன்.

மூன்றாம் நாள் முற்பகலில் அவளுடைய தோழி கூப்பிட்டாள். குளியலறையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள், புருவத்தில் அடி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நினைவு வந்துவிட்டது, பயப்படாதீர்கள் என்றாள். கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். மனைவி செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள், என்னைப் பார்க்கவில்லை. பஸ் பூவத்தில் நின்றது. பட்டப்பகல். கடைக்கு முன்னால் ஒருவன் வேட்டி விலகக் கிடந்தான். முகத்தில் ஈ மொய்த்தது. பஸ் கிளம்பும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தகப்பன் வீட்டிலிருந்து வந்தவனோ என்று தோன்றியது. முன்பெல்லாம் தோன்றியதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் ஆறு தையல். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. குளுக்கோஸ் ஏறியது. என்னைப் பார்த்ததும் முதலில் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"உங்களுக்கு வந்துச்சேப்பா. எனக்குத்தான் வரலை."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். அன்றைக்குச் சொன்னது பொய், பிராந்தி குடித்துவிட்டுத்தான் தூங்கினேன் என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத்தையும் கொட்டியாச்சுன்னீங்க."

"மருந்து அலமாரியில இருந்தது."

"யாரு எடுத்தா?"

"நான்தான் குடுத்தேன்," என்றாள் மனைவி, வாசல் பக்கம் நின்றபடி. "ஒரு கரண்டி."

"நாலு கரண்டி," என்றேன். "மூணு நான் ஊத்திக்கிட்டது."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மகள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தொட்டேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கு நீங்க ஊத்துனீங்க, உங்களுக்கு அம்மா ஊத்துனாங்க. நல்ல குடும்பம்தான்."

அந்த ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். அங்கே இருந்த மருத்துவரும் எங்கள் ஊர் மருத்துவர் சொன்னதையேதான் சொன்னார். இரண்டு மாதம் பகல் வேலையாக வீட்டிலிருந்தே செய்ய அவளுடைய கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். வந்த அன்று மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போய் மருந்துப் புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். அப்பா கொடுத்த புட்டி என்று கழுவி மாடியில் காயவைத்துப் பார்த்தாள். நாலு தரம் கழுவியும் வாடை போகவில்லை. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். அலமாரியில் அது நின்ற இடத்தில் வட்டமாகக் கறை இருக்கிறது.

நான் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்கும் அதுதான் முதல் வாரம். இரவில் இருவரில் யாருக்குத் தூக்கம் வராவிட்டாலும் எழுந்து கூடத்தில் வந்து உட்காரலாம், ஆனால் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லக் கூடாது என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். பாதி நாள் இருவருமே அங்கே இருப்போம். அவள் பட்டாணி உரிப்பாள், நான் பழைய செய்தித்தாள் படிப்பேன். காலையில் கோயில் மணி அடித்ததும் முகம் கழுவிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிட வேண்டும். பாலத்தைத் தாண்டிப் போய், மணலில் கொஞ்ச நேரம் நடந்து, வெயில் முகத்தில் விழும்வரை இருந்துவிட்டுத் திரும்புவோம். மதியத்தில் தூக்கம் வந்தால், தெரு முழுக்க உறங்கும்போது நாங்கள் இருவர் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். உச்சி வெயிலில் ஊற்றினால் செடி பட்டுப்போகும் என்று எதிர்வீட்டு அம்மா திட்டுவார். இரண்டு செடி பட்டும் போனது.

தூக்கம் ஒரேயடியாக வரவில்லை. முதலில் எனக்கு ஒருமணி நேரம் சேர்ந்தாற்போல வந்தது. பிறகு இரண்டு. மாத்திரையும் இல்லாமல் மதுவும் இல்லாமல் மூன்று மணி நேரம் தூங்கி விழித்த அன்று, கால் விரல்களை அசைத்துப் பார்த்தேன், ஏதோ அடுத்தவன் உடம்பு மாதிரி இருந்தது. அவளுக்கு வருவதற்கு இன்னும் நாளானது. முன்னிரவில் கொஞ்சம் அயர்வாள், பிறகு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கதவுக்கு அடியில் அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நின்றிருக்கிறேன். உள்ளே போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். ஒருகாலத்தில் செய்தேனே என்ற நினைப்பு வந்ததும் திரும்பிவிடுவேன்.

போன வாரம் ஒருநாள் மணி அடித்து, நான் தயாராகிக் கூடத்தில் நின்றேன். அவள் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு நிதானமாக வந்து போனது. விரல்கள் நடுங்கவில்லை. புருவத்துத் தழும்பு தலையணையில் அழுந்தியிருந்தது.

எழுப்ப வேண்டும். எந்த இரவானாலும் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இரண்டு மருத்துவர்களும் சொல்லியிருந்தார்கள். மனைவி பின்னால் வந்து நின்று, இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்களேன் என்று காதோடு சொன்னாள். எனக்கும் அதுதான் ஆசை. இரக்கப்பட்டு அவளுக்கு நான் செய்ததெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, தோளைத் தொட்டேன்.

"அஞ்சே நிமிஷம்பா," என்றாள், கண்ணைத் திறக்காமல். பள்ளிக்கூட நாட்களில் கேட்ட அதே குரல்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. போர்வையை இழுத்தேன். திட்டிக்கொண்டே எழுந்து வந்தாள்.

பாலத்தில் ஏறினோம். ஆற்றின் மேல் வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. பாதிப் பாலத்தில் கேட்டாள்.

"நீங்க தூங்குனீங்களாப்பா?"

"மூணு மணி வரைக்கும். அப்புறம் வரலை."

என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதெல்லாம் நான் சொல்லும் பதிலை முகத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறாள். அது இனிமேல் மாறுமா என்று தெரியவில்லை. சரிப்பா என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.